காற்றுக்கு முதுகு காட்டி

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு கடக்க.
முகம் பிடித்துக்கொள்ள
ஒரு கயிறும் கட்டுவதில்லை.

எனக்கு நண்டுத் தொழிற்சாலையில் வேலை.
ஒரு பக்கம் கொதிக்கிற ஆவி, ஒரு பக்கம் ஐஸ்,
நடுவில் நான், முழங்கைவரை உப்புத் தண்ணீர்.
மத்தியானம் எவரிஸ்தோ ஏதோ ஜோக் சொன்னான்.
சிரித்தேன். உதட்டோரம் வெடித்து
ரொட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி.
இன்றைக்கு வாங்கியே தீருவது என்று
அந்த ரொட்டியைத் தின்றபடி முடிவு செய்தேன்.

பையில் நாலாயிரத்து அறுநூறு பேசோ.
இன்று செவ்வாய். சம்பளம் வெள்ளி சாயங்காலம்.
மாவு வீட்டில் இருக்கிறது, வெங்காயமும்.
பஸ் ஒரு தடவைக்கு ஐநூறு:
இன்று திரும்ப,
புதன் போக வர, வியாழன் போக வர,
வெள்ளி போக.
மூவாயிரம் சக்கரத்துக்கு.
ஆயிரத்து அறுநூறு முகத்துக்கு.

மருந்துக்கடையில் அழகு கண் மட்டத்தில்,
மலிவு முழங்கால் மட்டத்தில்.
மேல் தட்டில் யானை விலை குதிரை விலை.
கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் புட்டி,
உள்ளே கடல்பாசியாம்.
தினமும் நண்டின் காலிலிருந்து
நான் பிய்த்து எறிவதுதான்.

குந்தி உட்கார்ந்தேன்.
நீல மூடி டப்பா. இருநூறு கிராம்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
பின்பக்கம் திருப்பினால்: தண்ணீர், கிளிசரின்,
பிறகு மூச்சு வாங்க வைக்கும் பெயர்கள்.
எழுந்து புட்டியைத் திருப்பினேன்:
தண்ணீர், கிளிசரின்.
பாசி கடைசியில், வாசனைக்கும் பின்னால்
வரிசையில் இடம் கிடைக்காதவன் மாதிரி.

கல்லாவிலிருந்து யாஸ்னா வந்தாள்.
"நெலிதா, சும்மா யோசிக்காதே.
சோதனை டப்பா இரண்டும் இருக்கிறது.
ஒரு கன்னத்தில் அது, ஒரு கன்னத்தில் இது.
வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வா."

நின்றேன்.
ஜலசந்தியிலிருந்து ஒரு தகரம் பறந்து போனது.
ஒரு தொப்பி. பின்னாலேயே தொப்பிக்காரர்.
உள்ளே வந்ததும் கேட்டாள்,
"எந்தக் கன்னம் தேவலை?"
இடது என்றேன்.
"இடதில் எதைப் பூசினோம்?"
அவள் என்னைப் பார்த்தாள்,
நான் அவளைப் பார்த்தேன்.
பிறகு இரண்டு பேருமே
உதட்டைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆயிரத்து முந்நூறு இடிக்கிறது.
மூன்று சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போனால்
ஆயிரத்து ஐநூறு.
டப்பாவும் வரும், கையில் இருநூறும் நிற்கும்.
கணக்கு சரி.
ஆனால் என் வீடு மேற்கே, மேட்டில்.
காற்று வருவதும் மேற்கிலிருந்து.
முகத்தைக் காப்பாற்றக் கிரீம்,
கிரீமுக்குக் காசு சேர்க்க
நாற்பது நிமிடம் காற்றுக்குள் முகம்.
இந்தக் கையால் கொடுத்து
அந்தக் கையால் பிடுங்குகிற கணக்கு.

இருந்தாலும் வாங்கினேன்.

மேடு தொடங்கும் இடத்தில் ஒரு யோசனை.
திரும்பி நின்றேன்.
பின்பக்கமாகவே ஏறத் தொடங்கினேன்.
காற்று முதுகில் அறைந்தது. அறையட்டும்,
முதுகுக்கு யார் கிரீம் கேட்கிறார்கள்.
கீழே தொழிற்சாலையின் புகை,
துறைமுக விளக்குகள், கறுத்த தண்ணீர்.
ஒன்பது வருடமாக ஏறுகிறேன்,
இதையெல்லாம் பார்த்ததே இல்லை.
இரண்டு முறை நாய்மேல் இடித்தேன்.
இரண்டு முறையும் ஒரே நாய்.

வீட்டில் பஸ்தியான்
கால்பந்து ஷூவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.
தோல் காய்ந்து, மடிப்பில் விரிசல்.
டப்பாவைப் பார்த்தான். ஷூவைப் பார்த்தான்.
வாயைத் திறந்து கேட்கவில்லை.

மூடியைத் திருகிக் கொடுத்தேன்.
ஒரு விரல் நுனிதான்டா.
கிராம் பதினாலரை பேசோ.
எழுதி வைத்துக்கொள்.