இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர்

மை வைப்பது என் வேலை.
மற்ற நாட்களில் மெட்ரோ வாட்டரில் பில் போடுகிறேன்.

சிந்தாதிரிப்பேட்டை, மாநகராட்சி நடுநிலைப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு பி பிரிவு.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த ஏழாம் வாய்ப்பாடு.
ஏழு நொடிதான் கண்ணாடிக்குள் சீட்டு தெரியும்,
பிறகு அறுந்து விழும்.

விடிகாலை ஐந்தரைக்கு மாதிரி ஓட்டு.
ஐம்பது அழுத்தினோம், ஐம்பதும் வந்தது.
கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.
ஒருவர் மட்டும் குனிந்து பார்த்து
"உள்ள என்னா பண்ணுதுன்னு யாருக்கு சார் தெரியும்?" என்றார்.
தலைமை அலுவலர் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்.
எனக்கும் தெரியாது.
பதினொரு வருடமாக நான் தட்டும் பில் கம்ப்யூட்டரே
உள்ளே என்ன பண்ணுகிறதென்று தெரியாது.

ஒன்பது மணிக்குள் நூற்று எண்பது விரல்.
மருதாணி காயாத விரல்.
மீன் கழுவிக் கழுவி வெளுத்த விரல்.
ஜி.பி. ரோடு மெக்கானிக்கின் கிரீஸ் விரலில் மை வழுக்கிப் போய்
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
ஒருவர் சட்டைப் பையில் நான்காக மடித்த ஐநூறு.
அது அவருடைய ஐநூறாகவும் இருக்கலாம்.

பதினொன்றே காலுக்கு ஜெசிந்தா வந்தாள்,
பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
கூவம் கரையில் வீடு இருந்தவரை
இந்தப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு தெரு தள்ளி.

ஹேமாவதி டீச்சர் பட்டியலைப் புரட்டினார்.
ஜெசிந்தாவின் படத்துக்குக் குறுக்கே ஒரு முத்திரை: நீக்கம்.
'நீ' நெற்றியில், 'ம்' தாடையில்.
பக்கத்துக் கட்டத்தில் முத்திரை ஏதுமில்லாமல்
அருளப்பன், ஆண், வயது 51, கதவு எண் 14/6.

அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.
"இது செத்து நாலு வருசம் ஆவுது.
இதுக்கு மட்டும் ஊடு இன்னும் அங்கயே கீதா?"

யாரோ சிரித்தார்கள். ஒரு ஏஜென்ட்.
பிறகு அவரே எழுந்து
தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

தலைமை அலுவலர் தணிந்த குரலில் சொன்னார்:
அட்டை இருந்தால் போதாதும்மா, பட்டியலில் இருக்கணும்.
படிவம் ஆறு. அடுத்த முறை.
"எடுக்கறதுக்கு மின்னாடி
என்னை யாராச்சும் கேட்டாங்களா?"
கேட்டதாகவும் இருக்கலாம்,
இடித்த வீட்டின் கதவில் ஒட்டிய தாளில்.

சண்டை போடுவாள் என்று காவலர் கிட்டே வந்து நின்றார்.
போடவில்லை.
என் முன்னால் வந்து இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"மையாவது வை சார்.
ஓட்டுன்னு சொல்லித்தான் கம்பெனில லீவு.
நாளைக்கி வெரல் காட்டலன்னா
சம்பளத்த புடிச்சிக்குவான்."

ஓட்டுப் போடாத விரலுக்கு மை இல்லை.
இரண்டு பயிற்சி வகுப்பிலும் சொன்னார்கள்.
தலைமை அலுவலர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் போனார்.
ஜன்னலுக்கு வெளியே சுவர்தான்.

வைத்தேன்.
நகத்தின் மேலிருந்து முதல் கணு வரை.
அன்று வேறு யாருக்கும்
அவ்வளவு நேராக வைக்கவில்லை.
ஊதிக்கொண்டே படியிறங்கினாள்.

ஆறு மணிக்கு மூடும் பொத்தான்.
மிஷின்: 611. பதிவேடு: 611.
அருளப்பன் கடைசிவரை வரவில்லை,
எந்த ஏஜென்ட்டின் தாளிலும் கோடு விழாமல் சுத்தமாக இருந்தார்.
பதினேழு சி படிவத்தைக் கட்சிக்கு ஒன்றாக வாங்கி
மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.
கணக்கு சரி என்று எல்லோரும் சொன்னோம்.
சரிதான்.

லாரி வர பத்தரை ஆனது.
இனி நாற்பது நாளுக்கு மேல்
ஒரு கல்லூரி அறையில் பூட்டிக் கிடக்கும்.
கதவைக் கேமரா பார்க்கும்,
கேமராவைப் பந்தல் போட்டுச் சிலர் பார்ப்பார்கள்,
மின்சாரம் போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை மூடவில்லை.
கிளாஸை நீட்டியபடி மாஸ்டர் கேட்டார்:
"யாருக்கு சார் போட்டீங்க?"

என் தபால் ஓட்டு இன்னும் வந்து சேரவில்லை.
கையைப் பார்த்தேன்.
ஐந்து விரலிலும் மை.