முள் எட்டில்

கெமியில் டிசம்பர்.
பதினொன்றுக்கு எழும் வெளிச்சம்
ஒன்றரைக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.
அதற்குள் அளந்தாக வேண்டும்:
தெற்கு ஜன்னல் முந்நூற்றுப் பத்து லக்ஸ்,
ஒரு முழம் தள்ளி வைத்தால் எண்பது,
புத்தக அலமாரியில் கருவிக்கே வெட்கம்.

மான்ஸ்டெரா தொட்டியில்
ஈரமானியைச் செருகினேன்.
முள் எட்டில் நின்றது.
பதினொரு நாளாக நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

துடைத்துவிட்டுச் செருகினேன். எட்டு.
டப்பாவிலிருந்த கம்பு மாவில் செருகினேன். பூஜ்யம்.
கருவி பொய் சொல்லவில்லை.
விரலை விட்டுப் பார்த்தேன்:
குளிர்ந்த மண் நகக்கண்ணில் ஏறியது,
லேசாகக் காப்பி வாசம்.

ஆலையில் இரவு ஷிப்ட்டை நிறுத்திய பிறகு
நன்றாகத் தூங்குவதாகத்தான் ஏரோ சொல்கிறார்.
ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி,
யாரும் கேட்காமலே.

மூன்று மணிக்குக் குழாய் திறப்பதை
என் கனவென்று நினைத்திருந்தேன்.

வேர் அழுகிவிடும், உண்மைதான்.
அடியிலைகள் இரண்டு மஞ்சளாகிவிட்டன.
ஆனால் அந்த நேரத்தில் விழித்திருப்பவருக்குத்
தண்ணீர் ஊற்ற
ஏதாவது வேண்டியிருக்கிறதே.

அவர் நாற்காலியின் கைப்பிடியில்
லக்ஸ் மீட்டரை வைத்தேன்.
பதினேழு.
நோட்டில், செடிகளின் வரிசையிலேயே
குறித்துக்கொண்டேன்.

இன்று கடையிலிருந்து ஒரு கோரைச் செடி
மூன்று சுற்றுக் காகிதத்தில், பனி படாமல் கொண்டுவந்தேன்.
எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும் ஜாதி.
நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து
வளர்விளக்கின் டைமரை
மூன்றுக்குத் திருப்பினேன்.

என்ன விலை என்றார்.
அதை மட்டும் சொன்னேன்.