அறுநூற்றுப் பதினொரு நிமிடம்

நேற்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
பதினேழு ஆட்டம்.
அதில் பன்னிரண்டு, வேறு யாரோ நொண்டிய பிறகு
கடைசியில் இறக்கிவிட்டது.
ஆக மொத்தம்
அறுநூற்றுப் பதினொரு நிமிடம் நான் இந்தியா.
ராமநாதபுரத்தில் ரயிலேறினால்
தாம்பரம் வருவதற்குள் தீர்ந்துவிடும்.

"போய்வந்த காசாவது ஒழுங்காக் குடுத்தாகளா?"
என்றாள் பிலோமி, பாயை உதறிக்கொண்டே.

விங்கர் என்றால் என்ன என்று
நண்டுக் கம்பெனிப் பையன்கள் கேட்கிறார்கள்.
தராசிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்வேன்:
ஓரத்தில் ஓடுகிறவன்.
நடுவில் பெரிய சண்டை நடக்கும்போது
சுண்ணாம்புக் கோட்டோடு தனியாகப் பேசுகிறவன்.
பந்து வந்தால் ஊரே அவனைப் பார்க்கும்,
ஆறு விநாடி.

எனக்கு முதல் கோடு சுண்ணாம்பு இல்லை.
தங்கச்சிமடம் கோயில் மைதானத்தில்
வலதுபக்கக் கோடு கடல்தான்.
மேற்கே ஓடினால் கச்சான் மூஞ்சியில் அறையும்.
ஆனி ஆடியில் பந்தை
ஆளைப் பார்த்து அடித்தால் ஆளுக்குப் போகாது,
தூரத்துக் கம்பத்தைத் தாண்டி அடிக்கணும்.
காற்று அதைக் காதைப் பிடித்துத்
திருப்பிக் கூட்டிவரும்,
சரியாக ஒருத்தன் நெற்றிக்கு.

மஸ்கட். எண்பத்தெட்டாவது நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
லால்தன்புயா தனியாக நிற்கிறான்,
கையைத் தூக்கி மிசோவில் ஏதோ கத்துகிறான்.
அடித்தேன்.
நல்ல அடி. இன்றைக்கும் சொல்வேன்.
அங்கே கச்சான் இல்லை.
நாலு பக்கமும் உயர்ந்த சுவர்,
கொடிகூடத் துவண்டு கிடந்தது,
என் காலுக்கு மட்டும் அது தெரியவில்லை.
பந்து புயாவைத் தாண்டி, கம்பத்தைத் தாண்டி,
தண்ணீர்ப் பாட்டில் அடுக்கிய பையனிடம் போய்
சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பேப்பரில்
'ரமேஷ் வாய்ப்பை வீணடித்தார்.'
என் பேர் ரெமிஜியுஸ்.
வீணடித்தது அந்த ரமேஷ்தான் என்று
சில வருஷம் நானும் நம்பினேன்.

வீட்டில் இன்னொரு சர்வதேசம் இருக்கிறான்,
தம்பி கிளாட்வின்.
அவனுக்குக் கோடு போட்டுக் காட்ட யாருமில்லை.
இருட்டு, தண்ணீர், கையளவு கருவியில் ஒரு புள்ளி.
எல்லை தாண்டி நாற்பத்தோரு நிமிடம் என்று
அவர்கள் கணக்கு.
கொடி தூக்கவில்லை, விசில் ஊதவில்லை.
நேராகக் கப்பல் வந்தது.
வவுனியாவில் ஏழு மாசம்.
படகு அங்கேயே மக்குகிறது.

என் ஆட்டங்களின் படம் ஒன்றும் கைவசம் இல்லை,
எடுத்தவர்கள் அனுப்பவில்லை.
அவனுக்கு இருக்கிறது:
நெஞ்சுக்கு நேரே பிடித்த அட்டையில் நாலாம் நம்பர்.
"விங்கருக்கு நாலு குடுக்க மாட்டாங்கடா" என்றேன்.
அன்றைக்குத்தான், வந்த பிறகு முதல்முறை, சிரித்தான்.

போன வாரம் கரையில்
அவனாகவே ஆரம்பித்தான்.
எஞ்சின் நின்றுபோன கதை.
நங்கூரம் அறுந்த கதை.
"வலிச்சுப் பாத்தோம்ணே.
கச்சான் விடல.
தள்ளிக்கிட்டே போயி
அந்தப் பக்கம் வச்சிருச்சு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
மணலில் வலது கால் தானாக எதையோ அளந்தது.

"அப்ப
அங்கதான் இருந்துச்சா அது" என்றேன்.