கழித்தல் கணக்கு

ஞாயிறு மாலை ஆறு மணி.
ஓலு நகரத்து ரயில்வே மேம்பாலத்தடியில்
இரண்டு கார்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும்.
அவள் காரிலிருந்து என் காருக்கு
ஒரு நாய், ஒரு போர்வை, ஒரு நோட்டு.
மைனஸ் பதினெட்டு டிகிரி.
பேச்சும் அதற்குத் தக்கபடி.

நாப்பி என்றால் எங்கள் மொழியில் பொத்தான்.
வந்தபோது அத்தனை சிறிசு, அத்தனை வட்டம்.
இப்போது வயது பதின்மூன்று,
இதயத்தில் ஒரு முணுமுணுப்பு.
விவாகரத்துத் தாளில்
வீடு இர்மெலிக்கு, படகு எனக்கு.
நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஆளுக்கொரு வாரம் என்று
நாங்களாக வைத்துக்கொண்டோம்.

கட்டம் போட்ட நோட்டில்
அவளுடைய பென்சில் எழுத்து:

"இடது காது சிவந்திருக்கிறது.
காலை மாலை மூன்று சொட்டு.
தலையை உதறுவதற்குள் காதடியைத் தேய்த்துவிடு."

"மாத்திரையை ஈரலில் பொதிந்தேன்.
ஈரல் உள்ளே போனது, மாத்திரை கம்பளத்தில் கிடந்தது."

அதற்குக் கீழே நான்:
"வெண்ணெயில் உருட்டினேன். ஜெயித்தேன்."

"போர்வை மடிப்பில் உன் சூயிங்கம்.
சைலிடால். நாய்க்கு விஷம்.
எத்தனை தடவை?"
எத்தனை தடவைக்குக் கீழே
இரண்டு கோடு.

பகலில் லாரியில் போய்
உறைந்த தெருக்களில் சரளை தூவுவது என் உத்தியோகம்.
இரவில் அதே சரளையை
நாப்பியின் விரலிடுக்கிலிருந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்குவதும் நான்தான்.
வெதுவெதுப்பான தண்ணீர், பழைய துண்டு,
பாதத்தின் வெடிப்பில் கொஞ்சம் வாசலீன்.
அது என் முழங்கையை நக்கும்,
நான்தான் ஏதோ காயப்பட்டவன் மாதிரி.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்,
நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால்
உடனே கூப்பிடுங்கள் என்றார் டாக்டர் குவோப்பலா.
எண்ணுகிறோம்.
இருபத்திரண்டு. இருபத்து நான்கு.
கெட்ட கனவு போல, இருபத்தேழு.
நகரத்தின் இரண்டு முனைகளில்
யாரோ ஒருவர் தினமும் கண்விழித்து
இன்னோர் உயிரின் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம்.
இருபத்தொன்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தோம்.
அவள் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை?
எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் எடை.
நாப்பி தராசில் தனியாக நிற்காது.
தூக்கிக்கொண்டு நாம் ஏற வேண்டும்,
பிறகு நம்மைக் கழிக்க வேண்டும்.
நான் மனக்கணக்குப் போட்டு
விடையை மட்டும் எழுதுகிறவன்.
அவள் வங்கிக் கவுண்டரில் இருந்தவள்,
மூன்று எண்ணையும் எழுதிவிடுவாள்.

செப்டம்பர்: 75.1 − 63.7 = 11.4
நவம்பர்: 71.6 − 60.3 = 11.3
ஜனவரி: 67.2 − 55.8 = 11.4

மூன்று முறை படித்தேன்.
நாய் அப்படியே இருக்கிறது.

நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி இல்லை.
போன் செய்யலாம்.
நன்றாக இருக்கிறேன் என்பாள்,
அந்த வார்த்தையைத் தராசில் வைக்க முடியாது.
மேம்பாலத்தடியில் கண்ணாடியை இறக்கிக் கேட்கலாம்.
அந்தக் குளிரில் அவள்
என் கையிலிருந்து கயிற்றை வாங்குவதற்குள்
சொல்லக்கூடியது எவ்வளவு?
போன ஞாயிறு அவள் கோட்டுப் பெல்ட்டில்
கத்தியால் போட்ட புதுத் துளையைப் பார்த்தேன்.
பார்த்ததை அவளும் பார்த்தாள்.
நாப்பி இருவருக்கும் நடுவே நின்று
ஒரு காலை மட்டும் பனியிலிருந்து தூக்கிக்கொண்டது.

இன்று மதியம் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏற்றினேன்.
உருளைக்கிழங்கு, க்ரீம், சால்மன், கைநிறைய சதகுப்பை.
அவளுக்குக் கெட்டியாக இருந்தால்தான் பிடிக்கும்.
பிடித்தது.
இறந்தகாலமா என்று யோசித்துக்கொண்டே கிளறினேன்.
டப்பாவில் ஊற்றி, மூடியில் டேப் ஒட்டி,
நாய்த் தீனிப் பைக்கு அடியில் வைத்தேன்.

நோட்டில் எழுதினேன்:
"மூச்சு இருபத்து மூன்று. காது ஆறிவிட்டது.
பின்னங்கால் நகம் வெட்டியாயிற்று.
ஒரு கறுப்பு நகம் பாக்கி, பயமாக இருந்தது.
பையில் ஒரு டப்பா இருக்கிறது.
வெங்காயம் போட்டது, உப்பும் தூக்கல்.
நாப்பிக்குக் கொடுக்கக் கூடாது."

கூடாது என்பதற்குக் கீழே
இரண்டு கோடு போட்டேன்.