டின்னுக்கு ஐந்து மீன்

பதினாறாம் நாள் படையலில்
அப்பாவுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும்.
அண்ணன் செக்ரன் ஆட்டுக்கறி என்றான்.
கோகி நண்டு என்றாள்,
பிராந்தியை மறந்துவிடாதீர்கள் என்றாள்.
ஜொஹானஸ்பர்கிலிருந்து வந்திருந்த தம்பி
போனிலிருந்து தலையெடுக்காமல்
டின் மீன் என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
அவன் சொன்ன பிறகு
வேறெதையும் சொல்ல முடியாமல் போயிற்று.

செருப்புத் தொழிற்சாலை கேட்டைப் பூட்டிய வருஷம்
சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் மட்டும்
பதினொரு வீட்டு ஆண்கள்
தங்கள் சுவர்களின் நிறத்தை
முதன்முறையாகப் பகலில் பார்த்தார்கள்.
அம்மா டர்பனுக்குத் தையல் வேலைக்குப் போனாள்.
அடுப்பு அப்பாவிடம் வந்தது.

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.
வெங்காயம், தக்காளி, நசுக்கிய பூண்டு,
மிஸஸ் முன்சாமி வேலிக்கு மேலாக நீட்டும்
ஒரு கொத்துக் கறிவேப்பிலை,
பக்கத்து வீட்டையும் தும்ம வைக்கும் மசாலா.
கடைசியில் டின்னைத் திறந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மீன்களை ஒவ்வொன்றாகக் குழம்பில் இறக்குவார்.
உடைந்துவிடக் கூடாதென்று
அத்தனை கவனம் என்று நினைத்திருந்தேன்.

டின்னுக்கு ஐந்து மீன்.
வீட்டில் ஆறு பேர்.
பள்ளிக்கூடத்தில் எனக்குக் கழித்தல் வராது.

ரொட்டித் துண்டால் சட்டியை வழித்துக்கொண்டே
‘எனக்கு இதுதான் பிடிக்கும்,
மீனில் என்ன இருக்கிறது,
சத்தெல்லாம் சட்டியில்’ என்பார்.
நம்பினோம்.
நம்பியதோடு நிற்காமல்
சட்டி எனக்கு என்று ஒருநாள் அழுதாள் கோகி.
அதையும் கொடுத்துவிட்டு
ஒரு சிகரெட்டோடு வெளியே போனார்.

எனக்கு அந்த வாடையே ஆகாது அப்போது.
பள்ளிச் சட்டையில் ஏறிக்கொண்டு
பஸ்ஸில் என்னோடு வரும்.
ஜன்னலோரம் உட்காருவேன், மழையானாலும்.

ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்கில்
மணவிலக்குத் தாளில் கையெழுத்துப் போட்ட மாலை
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஒரு டின்னைத் திறந்து
நின்றபடியே தின்றேன்.
குழம்பு வைக்கப் பொறுமையில்லை.
முள்ளும் வாயில் கரையும் மீன்.
விரலை நக்கிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.
சாப்பிட்டாயா என்றார்.
சாப்பிட்டேன் என்றேன்.
இருவரும் அதற்கு மேல் பேசவில்லை.

இலையில் படம், பிராந்தி, ஆட்டுக்கறி, நண்டு,
நடுவில் கிண்ணத்தில் சிவப்பாக அது.
அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
குனிந்து பார்த்தாள்.
‘இதை யார் வைத்தது?’
‘அவருக்குப் பிடிக்குமே.’
‘யார் சொன்னது?
அந்த மனுஷனுக்கு மீன் வாடையே குமட்டும்.
டின்னைத் திறக்கும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொள்வாரே,
பார்த்ததில்லையா நீங்கள்?’

பார்த்திருக்கிறோம்.

பிடிக்காததால்தான் கொடுத்தாரா எங்களுக்கு,
கொடுத்துக் கொடுத்துப் பிடிக்காமல் போயிற்றா?
கேட்க நினைத்தேன்.
படத்தில் இருப்பவர்
கம்பெனி அடையாள அட்டைக்காக எடுத்த முகத்தோடு
நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்ரன் கிண்ணத்தை எடுக்கப் போனான்.
‘இருக்கட்டும் விடு’ என்றாள் அம்மா.
‘பழகியவர்தானே.’

விளக்கை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு
வெளியே நின்றோம்.
யாருடைய குழந்தையோ
பசிக்கிறது என்றது.
திறந்தபோது எல்லாம் வைத்தபடி இருந்தன.
அம்மாவும் நாங்கள் நால்வரும்
தரையில் உட்கார்ந்தோம்.
கிண்ணம் கைமாறி வந்தது.
ஆளுக்கு ஒன்று.
மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.
யாராவது எண்ணினார்களா தெரியாது.
நான் எண்ணினேன்.

அடுப்பங்கரையில் சட்டி அப்படியே இருந்தது,
விளிம்பில் குழம்பு காய்ந்து.
கழுவ வந்த முன்சாமி வீட்டு மருமகளிடம்
அதை விட்டுவிடுங்கள் என்றேன்.
ரொட்டி இருக்கிறதா என்று
அலமாரியைத் திறந்தான் தம்பி.