பதினோராவது கருவி

முசியே சவேரிராயன் வீட்டில்
மாலை ஆறுக்கு முன்னறை விளக்கு எரியும்.
ஆறே காலுக்கு மாடி.
எட்டரைக்கு, யாரோ தண்ணீர் குடிக்கப் போனமாதிரி
சமையலறையில் இரண்டு நிமிட வெளிச்சம்.
யாரும் போகவில்லை.
திருடன் ஏமாறட்டுமென்று
சார்செல்லில் உட்கார்ந்து அவர் போனில் எழுதிவைத்த நாடகம்.
முத்தியால்பேட்டையில் இந்நேரம்
திருடனுக்கும் அது மனப்பாடமாகியிருக்கும்.

எதிர்வீட்டு மாடியில் நான் ஜாக்கெட் தைக்கிறேன்.
சாவி என்னிடம்.
விளக்கு ஆறு, மின்விசிறி இரண்டு,
ஒரு கேமரா, ஒரு மோட்டார்.
அவருடைய செயலியில் மொத்தம் பத்து.
கடலுப்பு குடித்து ஏதாவதொன்று பேச்சை நிறுத்தினால்
பதினோராவதை அழைப்பார்:
'மதாம் பூங்கோதை, தொந்தரவுக்கு மன்னிக்கணும்.
அந்த ரவுட்டரை ஒருதரம் அணைச்சுப் போடுறீங்களா?'
ஊசியைப் பல்லில் கடித்தபடி படியிறங்குவேன்.
அணைப்பேன். முப்பது எண்ணுவேன். போடுவேன்.
'வந்துடுச்சு' என்பார் ஏழாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து,
தொலைந்த ஆடு திரும்பிய குரலில்.

ஒருமுறை நள்ளிரவில்:
'கூடத்தில் நடமாட்டம்னு வருது!'
ஒட்டுக்கோலைத் தூக்கிக்கொண்டு போனேன்.
கேமராவின் கண்ணாடிமேல் பல்லி.
வயிறு தெரிய, சாவகாசமாக.
விரட்டவா என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
'இருக்கட்டும்' என்றார்.

தை மாதம் ஒருநாள், நல்ல பனி,
காலி அறையில் மின்விசிறி ஐந்தில் சுழன்றது.
காலண்டர் தாள்கள் படபடக்கும் சத்தம்
தெருவைத் தாண்டி என் மேசைக்கு வந்தது.
மின்சாரம் வீணாகிறதே என்று நானே அழைத்தேன்.
'தெரியும் மதாம். நான்தான் போட்டேன்.
இங்கே ஜன்னல் திறக்க முடியலை.
எங்கேயாவது ஒரு விசிறி ஓடட்டுமேன்னு...'
அதற்கு நான் என்ன சொல்ல?
சும்மா, சரி என்றேன்.
விடியும்வரை ஓடியது.

போன மாதம் செயலிக்குள் என்னையும் சேர்த்தார்.
உங்களுக்கும் சுலபம், படியிறங்க வேண்டாம் என்றார்.
பெயரெல்லாம் பிரெஞ்சு.
அழுத்திப் பார்த்து, எதிர்வீட்டில் எது எரிகிறதென்று எட்டிப் பார்த்து
ஒவ்வொன்றாகப் பாடம் செய்தேன்.
பதினொன்று இருந்தது பட்டியலில்.
கடைசி ஒன்றை எத்தனை தடவை அழுத்தியும்
எதிரே எதுவும் எரியவில்லை.
பழுதுபோல என்று விட்டுவிட்டேன்.
மறுநாள் அவர் பேச்சோடு பேச்சாக:
'இங்கே என் படுக்கையறை விளக்குக்கு என்னவோ ஆயிடுச்சு,
நேத்து பேய் பிடிச்சமாதிரி ஆடிச்சு.'

நான் வாயைத் திறக்கவில்லை.
ஊசி இருந்தது வாயில்.

அதற்கப்புறம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
வேண்டுமென்று அல்ல, கண் அங்கேதான் போகிறது.
நமக்கு மணி மூன்று, அது எரிகிறது.
மூன்றரை, எரிகிறது.
இவர் தூங்குவதே இல்லையா?

தீபாவளிக்கு இரண்டு நாள்.
ராத்திரி முழுக்கத் தையல்,
நூல்தூசி தொண்டையில்.
நாலு இருபதுக்கு போனை எடுத்தேன்.
அங்கே பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.
அழைத்தால், ஏன் தூங்கலை என்று கேட்கவேண்டும்.
அதைக் கேட்க நான் யார், ரவுட்டரை அணைத்துப் போடுகிறவள்.

விளக்கை அணைத்தேன்.

மூன்று நொடியில் மறுபடி எரிந்தது.
அணைத்தேன்.
எரிந்தது.
இந்தத் தடவை ஒரு நிமிடம் விட்டுவைத்து,
பிள்ளையை அதட்டுவதுபோல, அணைத்தேன்.

அங்கே இருட்டு. அப்படியே இருந்தது.
எதிர்வீட்டில்,
கால அட்டவணையில் இல்லாத நேரத்தில்,
மாடிப்படி விளக்கு ஒருதரம் எரிந்து அணைந்தது.
தெருநாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இன்னும் ஏழு ஜாக்கெட்டுக்குக் கொக்கி பாக்கி.