சொல்ல விருப்பமில்லை

சாவடியிலிருந்து நூறு மீட்டர்.
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நான்,
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.
ஓட்டுப் போட்டு வருகிறவர்களில்
ஏழாவது ஆளை நிறுத்த வேண்டும்.
ஆறாவது ஆள் சிரித்துக்கொண்டு வந்தாலும் விட்டுவிட வேண்டும்.
ஏழாவது ஆள் குடித்திருந்தாலும் கேட்க வேண்டும்.
இதுதான் விஞ்ஞானம் என்றார்
பயிற்சி வகுப்பில் பிரசன்னா சார்.

பாலக்கோட்டில் வெயில் ஏறுமுன்பே
கணிப்பெல்லாம் முடிந்திருந்தது.
மண்டியில் முனிரத்தினம்
முப்பது பெட்டித் தக்காளி பந்தயம் கட்டியிருந்தார்.
எந்தப் பக்கம் என்றேன்.
"பக்கம் சொன்னா வெல எறங்கிடும்மா."

டீக்கடை மாதேஷுக்கு பஸ்தான் கணக்கு.
ராயக்கோட்டை வழியாக பெங்களூர் பஸ் பதினொன்று வரவேண்டும்,
கட்டட வேலைக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு.
"பதினொண்ணும் வந்தா இவங்க.
ஒம்போதோட நின்னா அவங்க."
விடிவதற்குள் ஒன்பது வந்துவிட்டது.
பத்தாவது, ஓசூர் தாண்டி பஞ்சர்.
பதினொன்றைப் பற்றி யாருக்கும் தகவல் இல்லை.

என் முதல் ஏழாவது ஆள்
நெஞ்சை நிமிர்த்தி "நாலாம் நம்பர் பட்டன், எழுதிக்கோ" என்றார்.
விரலைப் பார்த்தேன், மை இல்லை.
துணைக்கு வந்தவராம்.

அடுத்த ஏழு.
இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண்.
"என் வூட்டுக்காரரக் கேளுங்க."
அவர் நான்கு என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து
அவள் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.
முதல் பொத்தானா,
மை இன்னும் ஈரமாக இருக்கிறது என்பதா?
பிள்ளைக்கு வேடிக்கை காட்டியதாகக்கூட இருக்கலாம்.
கேட்பதற்குள் டிவிஎஸ் கிளம்பிவிட்டது.
கட்டங்களில் கடைசியைத் தொட்டேன்:
சொல்ல விருப்பமில்லை.

மத்தியானம் ஒருவர் தர்பூசணி தின்றபடி
என்னையே திருப்பிக் கேட்டார்:
"நீ யாருக்கும்மா போட்ட?"
என் ஓட்டு அரூரில் இருக்கிறது.
எனக்கு இங்கே ஆறு மணி வரை வேலை.
நாளுக்குத் தொள்ளாயிரம், சாப்பாடு தனி.
கையை டேப்லெட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஆறு ஐந்துக்கு வந்தது பதினோராவது பஸ்.
சிமென்ட் படிந்த செருப்புகள் இறங்கி ஓடின.
கேட்டுக்கு உள்ளே போலீஸ்காரர்
வாட்சைக் காட்டினார், பேசவில்லை.
கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு
ஒருவர் டீ கேட்டார்.
மாதேஷ் காசு வாங்கவில்லை,
கணக்கு தவறிய கோபத்திலோ என்னவோ.

முதல் பொத்தான் நாற்பத்தொன்று.
நான்காம் பொத்தான் நாற்பத்தொன்று.
மற்றவை ஒன்பது.
சொல்ல விருப்பமில்லை இருபத்துமூன்று.

"சமம்னு அனுப்ப முடியாதும்மா" என்றது போன்.
"கிராஃபிக்ஸ்ல ஒரு கலர்தான் அடிக்க முடியும்.
அங்கயே நின்னீங்கள்ல,
உங்க மனசுக்கு என்ன படுது?"

என் மனசுக்கு என்ன படுகிறது என்று
இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை,
வீட்டிலும் சரி, வேலையிலும் சரி.
பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன்.
மனசுக்குள் இருந்தது ஒரு முதுகும்
அதன் பின்னால் ஒரு விரலும்தான்.
அந்த விரலை எடுத்து
முதல் பொத்தானில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு.

எண்ணிக்கை அன்று முன்னிலை
ஏழுமுறை கை மாறியது.
பத்தொன்பதாம் சுற்று வரைக்கும் நான்காம் பொத்தான்.
கடைசிச் சுற்றில், கடைசிப் பெட்டியில்,
நூற்று எண்பத்துமூன்று ஓட்டில் முதல் பொத்தான்.
டிவியில் கோட்டு போட்டவர்
"நாங்கள் மட்டுமே துல்லியமாகச் சொன்னோம்" என்று
மேசையைத் தட்டினார்.
எங்கள் ஊர் அவர் முதுகுக்குப் பின்னால்
ஒரே நிறத்தில் இருந்தது.

பிரசன்னா சாரிடமிருந்து மெசேஜ்.
வார்த்தை இல்லை, தூக்கிய கட்டைவிரல்.
அதற்கும் எனக்கு அர்த்தம் சரியாகத் தெரியவில்லை.

முனிரத்தினம் தோற்றாரா, ஜெயித்தாரா,
முப்பது பெட்டி யார் லாரியில் ஏறியது,
விசாரிக்கவில்லை.
அரூர் முடிவு வருவதற்குள்
டிவியை அணைத்துவிட்டேன்.